ஃப்ரெண்ட்லி ரேஸ்தானே, விடுங்க தம்பி

இந்த ஒரு வாக்கியத்தை இனி யாராவது என்னிடம் சொன்னால் வாயில் என்ன வரும் என்று எனக்கே தெரியாது. போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் கிளப்பின் பாய்ப்படகுப் பந்தயத்தில் ஒருவர் இடித்ததில், என் படகின் முன்முனையில் கட்டை விரல் அகலத்துக்கு ஜெல்கோட், அதாவது வெளிப்பூச்சு, பெயர்ந்து கிடக்கிறது, இடித்தவர் கரையில் நின்று சிரித்துக்கொண்டே என் தோளைத் தட்டி இதைத்தான் சொன்னார். சுற்றி நின்ற நாலு பேரும் தலையாட்டினார்கள். கோபப்பட்ட நான்தான் ஏதோ நாகரிகம் தெரியாதவன் மாதிரி ஆகிவிட்டது.

நடந்ததைச் சொல்கிறேன். காற்றை எதிர்த்துப் போகும் முதல் கட்டம். திரும்ப வேண்டிய இடத்துக்கு அடையாளமாகப் போட்டிருக்கும் மிதவையை இடது கைப் பக்கம் விட்டுச் சுற்ற வேண்டும். நான் ஸ்டார்போர்டு டாக்கில், அதாவது காற்று வலப்பக்கம் இருந்து வர, நேரே மிதவைக்குப் போகும் கோட்டில் பத்து நிமிடமாகப் பிடித்த பிடி விடாமல் வந்துகொண்டிருக்கிறேன். இடித்தவர் போர்ட் டாக்கில், அதாவது காற்று இடப்பக்கம் இருந்து வர, எதிரே வருகிறார். முறைப்படி அவர்தான் விலக வேண்டும். 'ஸ்டார்போர்டு!' என்று கத்தினேன். காதில் விழுந்தது, திரும்பிப் பார்த்தார், கையைக்கூட ஆட்டினார். எனக்குப் பின்னால் போய்விடுவார் என்று நினைத்தால், மிதவைக்கு இரண்டு படகு நீளம் இருக்கும்போது எனக்குக் கீழ்க்காற்றுப் பக்கம், அதாவது காற்று போகிற பக்கம், சட்டென்று டாக் அடித்து, முன்முனையைக் காற்றுக்குக் குறுக்கே திருப்பி, என் டாக்குக்கே வந்து நுழைந்தார். நுழைந்தவர் காற்றை நோக்கிப் போதிய அளவு மேலே இல்லை, அப்படியே போனால் மிதவையைத் தாண்ட முடியாது. உடனே சுக்கானைத் தள்ளிப் படகைக் காற்றுக்குள் மேலே திருப்பினார். நானும் திருப்பினேன், என் பாய் படபடவென்று அடித்து வேகம் செத்தது, அவருடைய பின்பக்கம் வந்து என் முன்முனையில் 'டக்' என்று ஒரு சத்தம். அதோடு விட்டாரா? மிதவையையும் உரசிக்கொண்டு போனார், அது ஒருபக்கம் சாய்ந்து முங்கி எழுந்ததை இரண்டு படகுக்காரர்கள் பார்த்தார்கள்.

போகிற போக்கில் அவர் சொன்னதுதான் உச்சம். "நான் லீவர்ட், நீங்கதான் விலகணும்!" லீவர்ட் என்றால் கீழ்க்காற்றில் இருப்பவன்.

பாருங்கள், விதி தெரியாத ஆள் இல்லை! ஒரே டாக்கில் இரண்டு படகு பக்கவாட்டில் ஒட்டிப் போனால் மேல்காற்றுப் பக்கம், அதாவது காற்று வருகிற பக்கம், இருப்பவன் ஒதுங்க வேண்டும் என்ற ரேஸ் விதிப் புத்தகத்தின் 11ஆம் விதி அவருக்கு மனப்பாடம். ஆனால் 18.3ஆம் விதி மட்டும் மறந்துவிட்டது. மிதவையைச் சுற்றி மூன்று படகு நீளத்துக்கு ஒரு வட்டம் உண்டு, அந்த வட்டத்துக்குள் போர்ட்டிலிருந்து ஸ்டார்போர்டுக்குத் திரும்பி மிதவையைப் பிடிக்கப் பார்க்கிறவன், வட்டத்துக்குள் நுழைந்ததிலிருந்தே ஸ்டார்போர்டில் வருகிறவனை இப்படி மேலே தள்ளி மோதலைத் தவிர்க்க வைக்கக் கூடாது. இந்த நுழைதலைத் தடுப்பதற்கென்றே எழுதிவைத்த விதி அது. தனக்கு வேண்டிய பாதியை மட்டும் கிழித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்கிறவரிடம் என்ன பேசுவது?

சரி, தப்பு நடந்துவிட்டது, யாருக்கும் நடக்கும். எனக்கும் நடந்திருக்கிறது. போன சீசனில் நானே தூரத்தைத் தப்பாகக் கணித்து ஒருவரின் குறுக்கே போனேன், ஒதுங்கிப் போய் இரண்டு சுற்று சுற்றிவிட்டுக் கடைசியில் வந்து சேர்ந்தேன். இந்த விளையாட்டின் அழகே அதுதான். தண்ணீரில் நடுவர் கிடையாது, விசில் கிடையாது. தப்பு செய்தவன் தானே விலகிப் போய், ஒரே திசையில் இரண்டு முழுச் சுற்று, அதாவது இரண்டு டாக், இரண்டு ஜைப் (பின்முனை காற்றைக் கடக்கும்படி திருப்புவது), முடித்துவிட்டுப் பந்தயத்தைத் தொடரலாம். மிதவையை மட்டும் தொட்டிருந்தால் ஒரே சுற்று. ஒரே சம்பவத்தில் இரண்டும் நடந்தால் அந்த ஒரு சுற்றைத் தனியாகச் சுற்ற வேண்டியதுகூட இல்லை, இரண்டு சுற்றோடு கணக்குத் தீர்ந்தது. இவ்வளவு தாராளமான தண்டனை வேறு எந்த விளையாட்டில் இருக்கிறது? அரை நிமிடம் போகும். அந்த அரை நிமிடத்தைக் கொடுக்க மனசு வராதவர்தான் எனக்கு நட்பைப் பற்றி வகுப்பு எடுக்கிறார்.

'நம்ம கிளப் ரேஸுக்கு அவ்வளவு பெரிய விதிப் புத்தகம் எதுக்கு' என்று அடுத்த ஆள் ஆரம்பித்தார். புத்தகம் பெரிதுதான், ஒப்புக்கொள்கிறேன். இந்த விளையாட்டின் உலக அமைப்பான வேர்ல்ட் செய்லிங் நாலு வருஷத்துக்கு ஒருமுறை திருத்தி வெளியிடுகிறது, இப்போது 2025 முதல் 2028 வரைக்கானது நடப்பில் இருக்கிறது, சில விதிகளை மூன்று முறை படித்தால்தான் எனக்கும் புரிகிறது. கிளப் வசதிக்கு எளிமையாக்கிக்கொள்ளவும் வழி இருக்கிறது. இரண்டு சுற்றுத் தண்டனையை ஒரே சுற்றாகக் குறைத்துக்கொள்ளலாம், போட்டி அறிவிப்பில் ஒரு வரி எழுதினால் போதும், யாரும் கேட்கமாட்டார்கள். ஆனால் யார் யாருக்கு வழி விட வேண்டும் என்கிற இரண்டாம் பகுதி விதிகளை எந்தக் கிளப்பும் மாற்ற முடியாது என்று அதே புத்தகம் 86ஆம் விதியில் சொல்கிறது. அப்படியே ரேஸ் விதியே வேண்டாம் என்று தூக்கிப் போட்டாலும் என்ன ஆகும்? 1972ஆம் வருஷத்துக் கடல் மோதல் தடுப்பு விதிகள் இருக்கின்றனவே, அதில் 12ஆம் விதியும் இதையேதான் சொல்கிறது: இடப்பக்கம் காற்று வாங்குகிறவன் விலகு, ஒரே பக்கம் என்றால் மேல்காற்றில் இருப்பவன் விலகு. சும்மா உலாத்தப் போகிற பாய்ப்படகுக்கே உண்டான விதி, ஃப்ரெண்ட்லி ரேஸுக்கு மட்டும் இல்லாமல் போய்விடுமா?

என் படகு அடிபட்டது கூடப் பரவாயில்லை, பூசித் தேய்த்துக்கொள்வேன். என்னை உண்மையில் கொதிக்க வைப்பது ஸ்டார்ட்டில் நடக்கும் கூத்து. புதிதாகச் சேர்ந்த ஒரு பெண், இரண்டாவது ரேஸோ மூன்றாவது ரேஸோ, ஸ்டார்ட்டுக்கு முந்தைய ஐந்து நிமிடக் கொடி ஏறியதிலிருந்து அழகாகக் கணக்குப் போட்டு, ஸ்டார்ட் கோட்டின் வலது முனையாக நங்கூரம் போட்டு நிற்கிற கமிட்டிப் படகுக்குக் கொஞ்சம் கீழே சரியான இடத்தில் வந்து நிற்கிறாள். கடைசிப் பத்து வினாடியில் ஒரு சீனியர் மேலிருந்து சாய்ந்துகொண்டு வருகிறார், 'ரூம்! ரூம்! வழி விடும்மா!' என்று தொண்டை கிழிய ஒரு கத்தல். அவள் மிரண்டுபோய்ப் படகைக் கீழே திருப்பிவிட்டாள். இவர் அந்த இடைவெளியில் புகுந்து முதல் ஆளாகக் கிளம்பிவிட்டார்.

அந்த இடத்தில் அவருக்கு ரூமும், அதாவது இடம் கேட்கிற உரிமையும், கிடையாது ஒன்றும் கிடையாது. சுற்றிலும் தண்ணீர் இருக்கிற ஸ்டார்ட் மிதவைக்கும் நங்கூரம் போட்ட கமிட்டிப் படகுக்கும், ஸ்டார்ட்டுக்காக நெருங்கி வரும்போது, அந்த இடம்விடுதல் விதியே பொருந்தாது. கீழ்க்காற்றில் இருந்த அவளுக்குத்தான் உரிமை. அவள் நேராக வந்திருந்தால் இவர்தான் வெளியே சுற்றிக்கொண்டு போயிருக்க வேண்டும். இது அவருக்குத் தெரியாது என்கிறீர்களா? இருபது வருஷமாக ஓட்டுகிறார் ஐயா! அவளுக்குத் தெரியாது என்பது அவருக்குத் தெரியும், அவ்வளவுதான். கரைக்கு வந்ததும் அவள் என்னிடம், "சார், நான் ஏதாவது தப்பு பண்ணிட்டேனா?" என்று கேட்டாள். தப்பே செய்யாதவளை அப்படிக் கேட்க வைத்திருக்கிறோம். இரண்டு வாரமாக ஆளைக் காணவில்லை.

இன்னும் எவ்வளவோ இருக்கிறது. ஸ்டார்ட் கொடுக்கிறவரே ரேஸிலும் ஓடுகிறார், ஒரு கையில் சுக்கான், ஒரு கையில் விசில். சின்னப் படகும் பெரிய படகும் ஒன்றாக ஓடுகின்றன, சமன்செய்ய எடுத்த நேரத்தை ஆயிரத்தால் பெருக்கி அந்தந்தப் படகு வகைக்கான யார்ட்ஸ்டிக் எண்ணால் வகுக்க வேண்டும், ஆனால் நேரத்தை யாருமே குறிப்பதில்லை. காற்று விழுந்தால் உட்கார்ந்த இடத்திலேயே படகை ஆட்டி ஆட்டி நகர்த்துகிறவர்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் இன்றைக்கு முடியாது.

ஞாயிற்றுக்கிழமைக்கே வருகிறேன். இடித்த உடனே, முறையீடு செய்கிறேன் என்பதற்கு அடையாளமாக, 'ப்ரொட்டெஸ்ட்!' என்று கத்தியிருந்தேன். ஆறு மீட்டருக்குக் குறைவான படகுக்குச் சிவப்புக் கொடி தேவையில்லை, வாயால் சொன்னால் போதும். கடைசிப் படகு முடித்து இரண்டு மணி நேரத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். பாரம் கேட்டேன். இந்தக் கிளப்பில் யாரும் இதுவரை கேட்டதே இல்லையாம், இரண்டு அலமாரியைத் திறந்து தேடினார்கள், கிடைக்கவில்லை. பாரம் இல்லாவிட்டாலும் எழுத்தில் இருந்தால் செல்லும் என்பதால், பழைய ரிசல்ட் தாளின் பின்பக்கத்தில் படம் போட்டு, காற்று அம்புக்குறி போட்டு, பார்த்த இரண்டு பேரின் பெயரையும் எழுதி, ஈரக் கையோடு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

செயலாளர் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். "தம்பி, இதை நான் என்ன பண்றது?" என்று உண்மையாகவே கேட்டார். விசாரணைக்கு மூன்று பேரை உட்கார வையுங்கள் சார் என்றேன். "அவரும் கமிட்டியில இருக்காரே" என்றார். இன்றோடு நாலு நாள். அந்தத் தாள் அவர் மேஜையில் ஒரு கப்பியின் அடியில் இருக்கிறது. நேற்றும் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.