முதல் வரியோடு நிறுத்தாதீர்கள்

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். போன வருஷம் நான் ஜூன்டீன்த் விழாவுக்கு, அதாவது அமெரிக்காவில் அடிமை முறை ஒழிந்ததைக் கொண்டாடும் ஜூன் 19 விழாவுக்கு, போனது பிரிஸ்கெட் என்கிற மாட்டு நெஞ்சுக்கறிக்காக. டெக்சாஸில் ஹூஸ்டன் பக்கம் வந்து பதினோரு வருஷமாகிறது. ஜூன் 19 நெருங்கினால் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் "உங்க கம்பெனியில லீவு உண்டா?" என்று ஒரு விசாரிப்பு ஓடும். அப்புறம் யார் வீட்டில் பாட்லக் (ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவரும் விருந்து) என்ற பேச்சு. அதோடு சரி. அந்தத் தடவை பக்கத்து ஊர்ப் பூங்காவில் பழைய காலத்து உடையில் ஆட்கள் நின்று, அந்தக் காலத்து வேலைகளைச் செய்துகாட்டிப் பேசுவார்கள் என்று போட்டிருந்தார்கள். "ஸ்கூல் மாறுவேடப் போட்டி மாதிரிதான் இருக்கும்" என்றாள் மனைவி. எனக்கும் அதே நினைப்புதான்.

காலை பத்து மணிக்கே 95 டிகிரி ஃபாரன்ஹீட். அந்த வெயிலில் நீலக் கம்பளிக் கோட்டைக் கழுத்துவரை பொத்தான் போட்டுக்கொண்டு ஒரு கறுப்பினப் பெரியவர் நின்றிருந்தார். அமெரிக்க உள்நாட்டுப் போரில், அடிமை முறையை விடாத தென் மாநிலங்களை எதிர்த்த வடக்குப் படையில் சேர்ந்து போரிட்ட சுமார் 1,80,000 கறுப்பின வீரர்களில் ஒருவராக வேடம். கையில் ஒரு தாள். 1865 ஜூன் 19 அன்று டெக்சாஸின் கடற்கரை ஊரான கால்வெஸ்டனில் வடக்குப் படையின் ஜெனரல் கார்டன் கிரேஞ்சர் பெயரில் வெளிவந்த பொது ஆணை எண் 3. "அடிமைகள் அனைவரும் விடுதலை பெற்றவர்கள்" என்ற இடம் வந்ததும் கூட்டம் கைதட்டியது. நானும் தட்டினேன். டீ-ஷர்ட்டில் அச்சடிப்பது அதுவரைக்கும்தான். அவரோ கையை உயர்த்திக் கைதட்டலை அடக்கிவிட்டு மேலே வாசித்தார்.

எஜமானர்களுக்கும் அடிமைகளாக இருந்தவர்களுக்கும் இனி உரிமையிலும் சொத்திலும் முழுச் சமத்துவம். அவர்களுக்குள் இனி முதலாளி, கூலியாள் என்ற உறவு. இதுவரை நல்லது. அடுத்து வருவதைக் கேளுங்கள். விடுதலையானவர்கள் இருக்கிற இடத்திலேயே அமைதியாக இருந்து கூலிக்கு வேலை பார்க்க வேண்டும். ராணுவ முகாம்களில் வந்து கூடக் கூடாது. வேலை செய்யாமல் சும்மா இருந்தால் அங்கேயும் சரி, வேறெங்கேயும் சரி, யாரும் ஆதரிக்க மாட்டார்கள்.

கைதட்டிய கூட்டம் அமைதியாகிவிட்டது. தலைமுறை தலைமுறையாகச் சம்பளம் இல்லாமல் வேலை வாங்கியவர்களுக்கு அந்த ஆணையில் ஒரு புத்திமதியும் இல்லை. பஞ்சுக் காட்டில் முதுகு ஒடிந்தவர்களைப் பார்த்துத்தான் "சோம்பேறியாக இருக்காதே" என்கிறது. விடுதலை கொடுத்த அதே தாளில், அதே மையில்!

அதனால்தான் சொல்கிறேன், இந்த நாளைக் கொண்டாடுகிற இடங்களில் அந்த ஆணையை முழுக்க வாசிக்க வேண்டும். மொத்தமே ஒரு பத்திதான், ஒரு நிமிஷம் ஆகாது. 2021-இல் ஜூன்டீன்த் தேசிய விடுமுறை ஆனது. மறு வருஷமே ஒரு பெரிய கடைச் சங்கிலி இந்த நாளின் பெயரில் ஐஸ்கிரீம் விற்கப் புறப்பட்டு, வாங்கிக் கட்டிக்கொண்டு, மன்னிப்புக் கேட்டுத் திரும்ப எடுத்துக்கொண்டது. முதல் வரியை மட்டும் எடுத்துக்கொண்டால் ஐஸ்கிரீம் டப்பாவில்கூட ஒட்டலாம். கடைசி வரியை எதில் ஒட்டுவார்கள்?

இன்னொன்று. "லிங்கன் 1863 ஜனவரியிலேயே அடிமைகள் விடுதலைப் பிரகடனம் போட்டுவிட்டார், பாவம், செய்தி டெக்சாஸ் போய்ச் சேர இரண்டரை வருஷம் ஆகிவிட்டது." தந்தி தாமதமான கதை மாதிரி இதை எத்தனை பேர் சொல்கிறோம்! என் மகளுக்கு நானே இப்படித்தான் சொல்லியிருக்கிறேன். எஜமானர்களுக்குச் செய்தி தெரியாதா? வடக்குப் படை நெருங்க நெருங்க, அதன் கைக்கு எட்டாத இடம் என்று தேடித்தான் மற்ற தென் மாநிலங்களிலிருந்து அடிமைகளை டெக்சாஸுக்கு ஓட்டிக்கொண்டு வந்தார்கள். 1865-இல் அங்கே சுமார் 2,50,000 பேர் அடிமைகளாக இருந்தார்கள். அடிமைகளுக்கும் எல்லாம் தெரியாமல் இல்லை. சான் அன்டோனியோ பக்கம் அடிமையாக இருந்த ஃபீலிக்ஸ் ஹேவுட் என்பவரை 1930-களில் அரசுத் திட்டம் ஒன்றுக்காகப் பேட்டி கண்டார்கள். வடக்கே ஓடிப்போகச் சொல்லி யாராவது வந்தால் நாங்கள் சிரிப்போம் என்கிறார் அவர். தெற்கே நடந்து ரியோ கிராண்டே ஆற்றைத் தாண்டினால் மெக்சிகோ, அங்கே அடிமை முறையே கிடையாது, பிறகு எதற்கு வடக்கே? இவ்வளவு விவரம் தெரிந்தவர்களைத்தான் நாம் "செய்தி தெரியாதவர்கள்" என்கிறோம். வர இரண்டரை வருஷம் ஆனது செய்தி இல்லை, அதை அமல்படுத்தத் துப்பாக்கியோடு வந்த படை.

ஆணை "இருக்கிற இடத்தில் இரு" என்றது. ஜனங்கள் என்ன செய்தார்கள்? நடந்தார்கள். விற்கப்பட்டுப் போன அம்மாவைத் தேடி, பிள்ளையைத் தேடி. பூங்காவில் இரண்டு மரங்களுக்கு நடுவே துணி காயப்போடும் கயிறு கட்டி, அந்தக் காலத்துப் பத்திரிகை விளம்பரங்களின் பிரதிகளை வரிசையாகத் தொங்கவிட்டிருந்தார்கள். காணாமல் போன உறவுகளைத் தேடும் விளம்பரங்கள். போர் முடிந்து எத்தனையோ வருஷங்களுக்குப் பிறகும் வந்துகொண்டே இருந்தவை. தாயின் பெயர், கடைசியாக எந்த எஜமானிடம் இருந்தாள், யாருக்கு விற்றார்கள், அப்போது எனக்கு என்ன வயது என்று அத்தனையும் நாலு வரியில். கறுப்பினத் தேவாலயங்களில் போதகர்கள் இவற்றைச் சபையில் உரக்கப் படிப்பார்களாம். என் மனைவி அந்தக் கயிற்றருகே அரைமணி நேரம் நின்றாள். மாறுவேடம் என்று சொன்னவள்.

நான் நின்றது பஞ்சு மேசையில். கண்ணாடி ஜாடியில் போன வருஷத்துக் காய்ந்த பருத்திக் காய்கள். குழந்தைகளிடம் கொடுத்துப் பஞ்சைப் பிய்த்துக் கொட்டையை எடுக்கச் சொன்னார்கள். காயின் முனை குத்தி ஒரு பையன் கையை உதறினான். எனக்குக் கை தானாகப் போனது. கோவில்பட்டிப் பக்கம் கரிசல் காட்டில் அம்மா மடி கட்டிப் பருத்தி எடுத்ததைப் பார்த்து வளர்ந்தவன் நான். வீடு வந்து படித்தபோதுதான் தெரிந்தது, இந்தப் போரால் அமெரிக்கப் பஞ்சு வராமல் போய், இங்கிலாந்து ஆலைகள் இந்தியப் பஞ்சைத் தேடி ஓடின. தூத்துக்குடி வழியாகப் போன திருநெல்வேலிப் பஞ்சுக்கும் விலை ஏறியது. எங்கள் தாத்தாவுக்குத் தாத்தா அதில் நாலு காசு பார்த்தாரோ, இல்லை வியாபாரிதான் பார்த்தாரோ!

இப்படி வேடம் போட்டுக் காட்டுவது சரியா என்றும் ஒரு கேள்வி உண்டு. 1994-இல் வர்ஜீனியாவில் காலனியல் வில்லியம்ஸ்பர்க் என்ற திறந்தவெளி வரலாற்று அருங்காட்சியகத்தில் அடிமை ஏலத்தை நடித்துக் காட்டியபோது பெரிய எதிர்ப்பு வந்தது. துயரத்தை வேடிக்கையாக்குகிறார்கள் என்றார்கள். அதை முன்னின்று நடத்தியவர்களும் கறுப்பினத்தவர்கள்தான். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. நான் பார்த்த இடத்தில் சாட்டையும் இல்லை, சங்கிலியும் இல்லை. சமையல், கொல்லுப் பட்டறை, வாசிப்பு. எனக்கு அது போதும்.

அந்த "சும்மா இருக்காதே" வரியை நான் விடாமல் பிடித்திருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. அதே 1865 டிசம்பரில் அடிமை முறையை ஒழித்த 13-ஆவது சட்டத் திருத்தம், குற்றத்துக்குத் தண்டனையாக மட்டும் கட்டாய உழைப்பை விட்டுவைத்தது. வேலையில்லாமல் திரிவதே குற்றம் என்று தென் மாநிலங்களில் சட்டம் போட்டு, விடுதலையானவர்களைப் பிடித்தார்கள். கைதிகளைக் கரும்புத் தோட்டங்களுக்கு வாடகைக்கு விட்டார்கள். நம்மவர்கள் வீடு வாங்கிக் குடியிருக்கிற, ஹூஸ்டனை ஒட்டிய சுகர்லாண்டில் 2018-இல் பள்ளிக்கூடம் கட்டத் தோண்டியபோது அப்படிப்பட்ட 95 பேரின் புதைகுழிகள் வெளிவந்தன. அங்கே பிணங்கள் இருக்கும் என்று ரெஜினால்ட் மூர் பல வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். சிறைக் காவலராக இருந்தவர். யாரும் பெரிதாகக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஊர்ப் பெயரிலேயே சர்க்கரை இருக்கிறது, யார் வெட்டிய கரும்பு என்று நான் அதுவரை கேட்டதில்லை.

வாசிப்பு முடிந்து அந்தப் பெரியவர் கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு மர நிழலில் சிவப்பு சோடா குடித்துக்கொண்டிருந்தார். அன்றைக்குச் சிவப்பு நிறத்தில் எதையாவது சாப்பிடுவது, குடிப்பது வழக்கம். பேச்சுக் கொடுத்தேன். போன தடவை யாரோ வந்து "கடைசிப் பகுதி கொண்டாட்டத்தைக் கெடுக்கிறது, விட்டுவிடலாமே" என்றாராம். "அதற்காகத்தான் இந்தக் கோட்டையே போட்டுக்கொள்கிறேன்" என்று சிரித்தார்.

இந்த வருஷம் போகிறவர்கள் காலையிலேயே போய்விடுங்கள். பிரிஸ்கெட் வரிசை பதினொன்றரைக்கு மேல்தான் ஆரம்பிக்கும், பயப்பட வேண்டாம்.