வரைவு முடிந்தால் வேலை முடிந்ததா?

சின்ன மொழிகளுக்கான பைபிளை இனி ஏஐ சில வாரத்தில் முடித்துக் கொடுத்துவிடும் என்று பகிரப்படும் பதிவுகளைப் பார்க்கிறேன். முதல் வரைவைத்தான் மொழிபெயர்ப்பு என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறார்கள். உண்மையில் வருடங்களைத் தின்பது அதற்கு அப்புறம் வருகிற வேலை.

லிசு மொழியை எடுத்துக்கொள்வோம். திபெத்தோ-பர்மியக் குடும்பம். சீனாவின் யுன்னான் மலைகள், பர்மாவின் கச்சின் மாநிலம், வட தாய்லாந்து, நம் அருணாசலத்தின் கிழக்குக் கோடி என்று சிதறிக் கிடக்கிற மக்கள். 1915 வாக்கில் சாரா பா தா என்ற, பர்மாவின் கரேன் இனப் போதகர் உருவாக்கி, மிஷனரி ஜேம்ஸ் ஃப்ரேசர் செம்மைப்படுத்திய எழுத்தில்தான் அவர்களுடைய பைபிள் இருக்கிறது. முழு பைபிள் வந்தது 1968-ல்.

அந்த எழுத்து ஆங்கிலப் பெரிய எழுத்துகளை நேராகவும் தலைகீழாகவும் வைத்தது. நேர் 'P' என்றால் சாதாரணப் பகரம், கவிழ்த்த 'P' மூச்சோடு வரும் பகரம். உயிர் எழுதாத மெய்யை அகரம் சேர்த்து வாசிக்க வேண்டும், நம் க, ச மாதிரி. குரலின் ஏற்ற இறக்கம் மாறினால் சொல்லின் பொருளே மாறிவிடும்; அப்படித் தொனிகள் ஆறு. ஒற்றைப் புள்ளி போட்டால் உயர்ந்த தொனி, முக்காற்புள்ளி போட்டால் தாழ்ந்த தொனி. நமக்கு நிறுத்தக்குறி, அவர்களுக்குச் சொல்லின் பாதி உயிர். வாக்கியம் முடிந்தால் சமக்குறி போல இரண்டு கோடு.

தட்டச்சில்தான் வில்லங்கம் ஆரம்பிக்கிறது. கணினிகளின் பொது எழுத்துத் தரமான யூனிகோடில் 2009-ல் லிசுவுக்கென 48 இடங்கள் கிடைத்தன: 40 எழுத்து, 6 தொனி, 2 நிறுத்தக்குறி. ஆனால் லிசுத் தொனிப்புள்ளியும் சாதாரண ஆங்கிலப் புள்ளியும் கண்ணுக்கு ஒன்றுதான். அவசரத்தில் ஆங்கிலப் புள்ளியைத் தட்டினால் கணினி அங்கே சொல் முடிந்தது என்று எடுத்துக்கொள்ளும். தேடினால் சொல் கிடைக்காது; ஒரே பெயர் நாலு வடிவத்தில் உட்கார்ந்திருக்கும். பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்த கோப்பை வேறு எழுத்துருவில் திறந்து தலையில் கைவைத்தவர்களுக்கு இது புரியும். வரைவு தொடங்கும் முன்பே விசைப்பலகையை முடிவு செய்துவிட வேண்டும், பிறகு அல்ல.

அடுத்தது உறவுமுறை. மாற்கு 1:16-ல் சீமோனும் அவன் சகோதரன் அந்திரேயாவும் வலை போடுகிறார்கள். மூத்தவர் யார் என்று கிரேக்க மூலம் சொல்லவில்லை. தமிழில் 'சகோதரன்' என்ற வடசொல் இருந்ததால் தப்பித்தோம். அண்ணன், தம்பி என்று பிரித்தே சொல்கிற திபெத்தோ-பர்மிய மொழிகளில் மொழிபெயர்ப்புக் குழு ஒரு முடிவெடுத்து, அதை நான்கு சுவிசேஷத்திலும் மாறாமல் காப்பாற்ற வேண்டும். நாம், நாங்கள் என்ற பிரிவும் அவற்றில் பலவற்றில் உண்டு. மாற்கு 4:38-ல் புயலில் சீஷர்கள் 'மடிகிறோம்' என்று கத்தும்போது இயேசுவையும் சேர்த்துச் சொல்கிறார்களா? கிரேக்கம் வாய் திறக்காது. இயந்திரம் ஏதோ ஒன்றைப் போட்டுவிட்டுப் போய்விடும். எதைப் போட்டோம் என்றுகூட அதற்குத் தெரியாது.

பிறகு பரிசோதனை. வரைவை முன்பு பார்க்காத, மூலத்தை வாசிக்காத ஒருவர் அதை ஆலோசகருக்கும் தெரிந்த பொதுமொழிக்கு வாய்மொழியாகத் திருப்பிச் சொல்ல வேண்டும். மொழிபெயர்ப்பைச் சரிபார்க்கிற அந்த ஆலோசகர் அதை வசனம் வசனமாக மூலத்தோடு ஒப்பிடுவார். ஊரில் வாசித்துக் காட்டும்போது 'புரிந்ததா?' என்று கேட்கவே கூடாது. மரியாதைக்குத் தலையாட்டிவிடுவார்கள். 'யார் யாரிடம் சொன்னது? ஏன் கோபம்?' என்று கேட்டு, கதையைத் திரும்பச் சொல்ல வைக்க வேண்டும். சரளமாகப் படிப்பவரே ஒரே இடத்தில் இரண்டு மூன்று முறை தடுக்கினால், பெரும்பாலும் அங்கே தொனிக்குறி தப்பு, அல்லது சொல்வரிசை மூலத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது.

ஏஐ வரைவு வேண்டாம் என்று சொல்லவில்லை, குழுவுக்குத் தட்டச்சு மிச்சம். ஆனால் பணம் கொடுக்கிற சபைகள் 'எத்தனை அதிகாரம் ஆச்சு?' என்றே கேட்கின்றன. எத்தனை அதிகாரத்தை ஊரார் கேட்டுத் திருத்தினார்கள் என்று கேட்கட்டும். அறிக்கையில் அந்த எண்ணுக்கு ஒரு கட்டம்கூட இருக்காது பெரும்பாலும்.