எந்த ஊர் என்று கேளுங்கள்

மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு கூட்டம் அடுத்த மாதம் யாழ்ப்பாணம் கிளம்புகிறது. கோயில்களைப் பார்ப்பதோடு, போரில் இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கும் உதவி கொடுத்துவிட்டு வருவதாக ஏற்பாடு. வாட்ஸ்அப்பில் வசூல் நடக்கிறது. நானும் கொடுத்திருக்கிறேன். ஆனாலும் போகிறவர்களிடம் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும்.

2013இல் நானும் இப்படித்தான் போனேன். மல்லாகம் கோணாப்புலம் முகாம். அரசாங்கக் காகிதத்தில் அதற்குப் பெயர் 'நலன்புரி நிலையம்'. 1990 ஜூனில் யாழ்ப்பாணத்தின் வலிகாமம் வடக்குப் பகுதியிலிருந்து ஓடிவந்தவர்கள், தகரமும் கிடுகும் அடைத்த கொட்டில்களில் இருந்தார்கள். பலாலி விமானத் தளத்தைச் சுற்றி இருந்த ஊர்களை உயர் பாதுகாப்பு வலயம் என்று ராணுவம் வளைத்துப் போட்டிருந்தது. போர் முடிந்து நான்கு வருடம் ஆகியும் திரும்பிப் போக விடவில்லை. சொந்த வீடு சில கிலோமீட்டர் தூரத்தில்தான். நாட்டு எல்லையைத் தாண்டியிருந்தால் அகதி என்ற பெயராவது கிடைத்திருக்கும்.

நாங்கள் வேனிலிருந்து அரிசி, சீனி, பால்மாவு எல்லாம் இறக்கினோம். வரிசையில் நிற்கச் சொன்னோம். படம் எடுத்தோம். ஒரு அம்மா மட்டும் வரிசைக்கு வரவில்லை. ஏன் என்று கேட்கப் போன என்னை, "முதல்ல இருங்கோ பிள்ளை, தேத்தண்ணி குடியுங்கோ" என்று உட்கார வைத்தார். அப்புறம் உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்து வந்தார். பைக்குள் பை, அதற்குள் இன்னொரு பை. கடைசியில் வந்தது, வலிகாமம் வடக்கில் இருக்கும் மயிலிட்டி ஊரில் அவருக்கிருந்த காணியின் உறுதி, அதாவது நிலப் பத்திரம். மடிப்பெல்லாம் பிய்ந்து நூலாக நின்றது. "வாசிச்சுப் பாருங்கோ" என்றார். கிழக்கே ஒழுங்கை, வடக்கே இன்னாருடைய காணி, கிணற்றில் இத்தனை பங்கு. நான் கிணறு என்று வாசித்ததும் நிறுத்தச் சொல்லி, அந்தத் தண்ணீரின் ருசியைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். பக்கத்தில் எட்டு வயதுப் பேரன். உன் ஊர் எது என்று கேட்டேன். "மயிலிட்டி" என்றான். அவன் பிறந்ததே அந்த முகாமில்தான்.

வேன்காரர் ஹாரன் அடித்தார். அடுத்த முகாமுக்கு நேரமாகிவிட்டதாம். பாதிப் பேச்சில் எழுந்து வந்தேன். அது இன்றுவரை உறுத்துகிறது.

இதை மற்ற ஊர்க்காரர்களுக்குச் சொல்வதைவிட நம் ஊருக்குத்தான் சொல்ல வேண்டும். 1948 ஜூன் 16ஆம் தேதி மூன்று வெள்ளைக்காரத் தோட்டத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டது இங்கேதான். அதோடு, கம்யூனிஸ்டுப் போராளிகளை அடக்க வெள்ளைக்கார ஆட்சி அவசரகாலம் கொண்டுவந்தது. காட்டிலிருந்த அவர்களுக்குச் சோறு போகாமல் தடுக்க, ஆட்களை வேலிக்குள் அடைத்தார்கள். புதுக் கிராமங்களுக்குத் தூக்கிப் போடப்பட்டவர்களில் பெரும்பாலோர் சீனர்கள். தோட்டங்களில் நம் ஆட்கள் குடியிருந்த வரிசை வீடுகளான லயங்களையும் ஓரிடத்தில் சேர்த்து, சுற்றி முள்கம்பி அடித்தார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த பிறகுதான் என் பாட்டியிடம் இதைக் கேட்கத் தோன்றியது. அரிசியை அளந்து கொடுத்ததையும், ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகும்போது சோறு கொண்டு போகிறார்களா என்று வேலி வாசலில் தடவிப் பார்த்ததையும் சொன்னார். பழைய லயத்து வாசலில் இருந்த முருங்கை மரத்தை மட்டும் கொண்டுவர முடியவில்லை என்றார். அந்த இடத்தில் இப்போது செம்பனை. அன்று இரண்டு மணி நேரம் பேசினார். அதுவரை வீட்டில் ஒருவரும் அவரிடம் கேட்டதில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. 1990 அக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் ஏறத்தாழ 75,000 பேரை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாண நகரத்தில் கொடுத்த அவகாசம் இரண்டு மணி நேரம். பெரும்பாலோர் புத்தளம் பக்கம் போய் ஒதுங்கினார்கள். அவர்கள் பேசுவதும் நம் தமிழ்தான். ஆனால் நம் ஊர் வேன் எதுவும் புத்தளத்தில் நின்றதாக நான் கேள்விப்படவில்லை. நானும் இறங்கவில்லை, அது தப்பு. இந்த முறையாவது நிறுத்துங்கள்.

அரிசி கொடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் இரண்டு முகாமுக்கு ஒதுக்கிய நேரத்தை ஒரே இடத்தில் செலவழியுங்கள். தேத்தண்ணி கொடுத்தால் உட்கார்ந்து குடியுங்கள். எந்த ஊர், காணி கிடைத்ததா, கிணறு இருக்கிறதா என்று கேளுங்கள். பதில் நீளும், நீளட்டும்.

மயிலிட்டித் துறைமுகத்தையும் அதைச் சுற்றிக் கொஞ்சக் காணியையும் 2017 ஜூலையில், 27 வருடம் கழித்து, ராணுவம் விட்டுக்கொடுத்தது. அந்த அம்மாவின் காணி அதில் வந்ததா, எனக்குத் தெரியாது. உறுதியை மடியில் வைத்துக்கொண்டு அவர் இருக்கும் படம் ஒன்று என்னிடம் இருக்கிறது. கழுவி, சட்டம் போட்டு வைத்திருக்கிறேன். மயிலிட்டிப் பக்கம் போகிறவர்கள் யாராவது வீட்டுக்கு வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.