"எங்க வேலை?"

எங்க தாத்தா பெரம்பூர் லோகோவில், அதாவது ரயில் இன்ஜின் பட்டறையில், ஃபிட்டர். அயனாவரத்தில் எங்கள் தெருவுக்கு யார் புதிதாகக் குடிவந்தாலும் ஊரையோ பேரையோ கேட்கமாட்டார். "எங்க வேலை?" என்றுதான் கேட்பார். லோகோவா, ரயில் பெட்டிகளைப் பழுதுபார்க்கும் கேரேஜா, பெட்டி செய்யும் ஐ.சி.எஃப்-பா, பின்னி மில்லா, ஹார்பரா? பதில் வந்ததும் அந்த ஆளுக்கு எந்த ஷிஃப்ட், கையில் எங்கே காய்ப்பு இருக்கும் என்பதுவரை அவருக்குத் தெரிந்துவிடும்.

நாட்டை ஆளப்போகிறவரிடம் மட்டும் நாம் இதைக் கேட்பதில்லை. சிறுவயதுக் கதையிலேயே உருகிப்போகிறோம். கலாம் என்றால் ராமேஸ்வரத்தில் பேப்பர் போட்ட பையன் நினைவுக்கு வருகிறான். 1979-ல் எஸ்.எல்.வி-3 கடலில் விழுந்தபோது அந்தத் திட்டத்தின் இயக்குநராக இருந்தாரே, அடுத்த ஆண்டே அதே வகை ராக்கெட்டில் ரோகிணி செயற்கைக்கோள் மேலே போனதே, அதைப் பற்றி எத்தனை பேர் பேசுகிறோம்? வறுமையில் பிறப்பது யாருடைய கையிலும் இல்லை. வளர்ந்த பிறகு என்ன வேலை செய்தார், யாருக்குக் கீழே செய்தார், ஸ்டிரைக் வந்தபோது கேட்டுக்கு எந்தப் பக்கம் நின்றார் என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும்.

லூலாவைப் பாருங்கள். பிரேசிலில் லேத் ஓட்டியவர். 1964 வாக்கில் இடது கைச் சுண்டுவிரலை மெஷினில் இழந்தார். உலோகத் தொழிலாளர் சங்கத் தலைவரானார், ஸ்டிரைக் நடத்தி 1980-ல் சிறைக்குப் போனார். தேர்தலில் மூன்று முறை தோற்று, 2003-ல் ஜனாதிபதி நாற்காலியில் உட்கார்ந்தார். லேத் பட்டறை உள்ள எந்தத் தெருவிலும் இந்தக் கதையை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

எனக்கு மிகவும் நெருக்கமானவர் ஆஸ்திரேலியாவின் பென் சிஃப்லி. காரணம் லோகோதான். 1903-ல் ரயில்வே ஷெட்டில் எடுபிடிப் பையனாகச் சேர்ந்து, இன்ஜின் டிரைவராக உயர்ந்தவர். 1917 ஸ்டிரைக்கில் கலந்துகொண்டதால் வேலை போனது. திரும்ப எடுத்தபோது டிரைவராக எடுக்கவில்லை, ஃபயர்மேனாகக் கீழே இறக்கினார்கள். ஓட்டிய கையில் கரி அள்ளும் கரண்டி! அந்த மனிதர்தான் 1945-ல் பிரதமரானார்.

இதோடு நிறுத்தினால் நல்ல கதை. ஆனால் 1949-ல் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் ஸ்டிரைக் செய்தபோது, இதே சிஃப்லியின் அரசு சுரங்கத்துக்கு ராணுவத்தை அனுப்பியது. முதல்முறை படித்தபோது எனக்கு மனசே ஆறவில்லை.

நம் முன்னாள் ஜனாதிபதி வி.வி. கிரியும் அப்படித்தான். ரயில்வே தொழிலாளர் சங்கங்களைக் கட்டியவர்களில் ஒருவர். 1954-ல் வங்கி ஊழியர்களுக்குக் கிடைத்த தீர்ப்பை அரசு மாற்றியதால், தொழிலாளர் அமைச்சர் பதவியையே உதறியவர். 1974 மே 8-ஆம் தேதி ரயில்வே ஸ்டிரைக் தொடங்கி, ஆயிரக்கணக்கானோர் கைதாகி வேலை இழந்தபோது ராஷ்டிரபதி பவனில் இருந்தது அவர்தான். அமைச்சரவை சொல்வதைக் கேட்க வேண்டிய பதவி, தெரியும். இருந்தாலும் எங்கள் பக்கத்தில் அந்த இருபது நாளை வாழ்ந்தவர்களுக்கு அந்த மௌனம் வலித்திருக்கும்.

அப்போது பழைய தொழிலைக் கேட்டு என்ன பயன் என்பீர்கள். பயன் இருக்கிறது. டிரைவராக இருந்தவர் நல்ல பிரதமராகத்தான் இருப்பார் என்று நான் சொல்லவில்லை. "நீங்களும் கரி அள்ளினவர்தானே, இப்போது எங்கே நிற்கிறீர்கள்?" என்று கேட்க நமக்கு ஒரு பிடி கிடைக்கிறது. எங்கே வேலை பார்த்தார் என்றே தெரியாதவரை எதை வைத்துப் பிடிப்பது?

காமராஜர் என்ன வேலை பார்த்தார் என்று கேட்பீர்கள். மாமாவின் துணிக்கடையில் கொஞ்ச காலம் இருந்தார். அப்புறம் கட்சியும் சிறையும்தான். சிறையில் கழித்த ஆண்டுகளே ஏறத்தாழ ஒன்பது. அதைவிடக் கடினமான வேலை எது? ஒளிக்க எதுவும் இல்லாத வாழ்க்கை, யாரும் எடுத்துப் பார்க்கலாம்.

நம் வேட்பாளர்கள் வேட்புமனுவோடு தாக்கல் செய்யும் பிரமாணப் பத்திரமான படிவம் 26-ல் தொழில் என்று ஓர் இடம் இருக்கிறது. பலர் அதில் 'சமூக சேவை' என்றோ 'விவசாயம்' என்றோ எழுதிவிட்டுக் கடந்துபோகிறார்கள். வழக்கையும் சொத்தையும் அலசும் நாம் அந்த வரியில் நிற்பதே இல்லை. அடுத்த தேர்தலில் எங்கள் தெருவுக்கு ஓட்டு கேட்டு வருகிறவரிடம் தாத்தாவின் கேள்வியை நான் கேட்கப்போகிறேன். எங்க வேலை பார்த்தீங்க? எத்தனை வருஷம்? ஏன் விட்டீங்க? உங்ககூட வேலை செஞ்சவங்க இப்போ எங்க இருக்காங்க?