பத்து நிமிட நடை, பகலிலா இரவிலா?

ஓட்டலில் அறை பதிவு செய்யும்போது 'ரயில் நிலையத்திலிருந்து பத்து நிமிட நடை' என்று போட்டிருந்தால் மனசுக்கு ஒரு நிம்மதி வந்துவிடுகிறது. ஆனால் அது பகலில் போட்ட கணக்கு. இரவு பதினொன்றரைக்குக் கடைகள் ஷட்டரை இறக்கியிருக்கும், காலையில் நாம் வந்த வாசலே பூட்டியிருக்கும்.

சில வருடங்களுக்கு முன் ஒரு வெளியூர்ப் பயணத்தில் எனக்கு அப்படித்தான் ஆனது. பகலில் அறை எடுத்துப் பையை வைத்துவிட்டுப் பக்கத்து ஊருக்குப் போயிருந்தேன். திரும்பும் ரயில் தாமதமாகி, இறங்கும்போது நள்ளிரவு நெருங்கிவிட்டது. முன்வாசல் பூட்டியிருந்ததால் பின்வாசல் வழியாக வெளியே வந்தேன். போனில் மேப் போட்டால் தண்டவாளத்துக்கு அடியில் போகும் ஒரு சுரங்கப்பாதையைக் காட்டியது. உள்ளே பாதி விளக்குகள் எரியவில்லை. தூரத்தில் யாரோ நிற்பது தெரிந்தது. அவர் யாராகவும் இருக்கலாம், நம்மைப் போலவே வீட்டுக்குப் போகிறவராகவும் இருக்கலாம். ஆனாலும் எனக்குக் கால் எழவில்லை. போனில் நான்கு சதவீதம் சார்ஜ்தான் மிச்சம்.

திரும்பி ஸ்டேஷனுக்குள்ளேயே போய், டிக்கெட் கவுன்டர் பக்கத்தில் வெளிச்சத்தில் நின்று ஓட்டலுக்கு போன் செய்தேன். ராத்திரி டியூட்டியில் இருந்த தம்பி எடுத்தார். "அந்த சப்வே வழியா மட்டும் வராதீங்க. ஸ்டேஷன் டாக்சி ஸ்டாண்டுலயே வண்டி பிடிங்க. நம்ம முன்கதவு பூட்டியிருக்கும், பக்கவாட்டுக் கதவுல பெல் அடிங்க, நான் வந்து திறக்கிறேன்" என்றார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

என் ஆதங்கம் இதுதான். இத்தனையும் அந்த ஓட்டலுக்குத் தெரிந்திருக்கிறது. மதியம் சாவியைக் கொடுக்கும்போது வைஃபை பாஸ்வேர்டு சொன்னார்கள், அறையை எத்தனை மணிக்குக் காலி செய்ய வேண்டும் என்று சொன்னார்கள். இரவில் எந்த வழியாக வரவேண்டும், எந்தக் கதவு திறந்திருக்கும் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. அந்தக் கடைசி அரை கிலோமீட்டர் ரயில்வேயின் பொறுப்பும் இல்லை, ஓட்டலின் பொறுப்பும் இல்லை என்றால், முன்பின் தெரியாத ஊரில் தனியாக இறங்குகிறவர் யாரிடம் கேட்பது?

மேப்பை நம்பினால் போதாதா என்று கேட்பார்கள். மேப் பெரும்பாலும் சீக்கிரம் போகும் வழியைத்தான் தேடும், வெளிச்சமான வழியைத் தேடாது. இன்னொன்றையும் பலர் கவனிப்பதில்லை. கூகுள் மேப்பை ஆஃப்லைனில் இறக்கி வைத்திருந்தாலும், நெட் இல்லாதபோது காரில் போகும் வழியைத்தான் காட்டும், நடக்கும் வழியைக் காட்டாது. நாம் எங்கே நிற்கிறோம் என்ற நீலப்புள்ளி மட்டும் தெரியும். சார்ஜ் போய்விட்டால் அதுவும் இல்லை. அதனால் ஓட்டலின் பெயர், முகவரி, போன் நம்பரை அந்த ஊர் மொழியிலேயே ஒரு காகிதத்தில் வாங்கிப் பையில் வைத்துக்கொள்கிறேன். டிரைவரிடம் அப்படியே நீட்டிவிடலாம்.

டாக்சியைப் பற்றியும் ஒன்று. வெளியே வந்ததும் தானாக வந்து "எங்கே போகணும்" என்று பையைத் தூக்குகிறவரோடு போகாதீர்கள், வரிசையில் நிற்கும் வண்டியில் ஏறுங்கள். ஆப்பில் அழைத்திருந்தால் முதலில் நம்பர் பிளேட்டைச் சரிபாருங்கள். அப்புறம் "யாருக்காக வந்திருக்கீங்க?" என்று கேளுங்கள். உங்கள் பெயரை அவர் சொல்லட்டும், நீங்களாகச் சொல்லாதீர்கள். வாட்ஸ்அப்பில் லைவ் லொகேஷனை 15 நிமிடம், 1 மணி நேரம், 8 மணி நேரம் என்று அனுப்பலாம். கிளம்பும்போதே ஒரு மணி நேரத்துக்கு வீட்டில் ஒருவருக்கு அனுப்பிவிடுங்கள்.

யாரோ பின்னால் வருவதாகத் தோன்றினால் நேராக ஓட்டலுக்குப் போகாதீர்கள், தங்கும் இடத்தைக் காட்டிக்கொடுத்த மாதிரி ஆகிவிடும். ஆள் இருக்கும் ஏதாவது கடைக்குள் நுழைந்துவிடுங்கள். அங்கிருந்து ஓட்டலுக்கு போன் போடலாம். நிலைமை மோசம் என்றால் தயங்காமல் அந்த ஊர் அவசர எண்ணை அழையுங்கள். 112 பல நாடுகளில் வேலை செய்கிறது.

இதையெல்லாம் சொன்னால், "ஏன் அவ்வளவு நேரம் கழித்து வந்தாய்" என்று திருப்பிக் கேட்பவர்கள் உண்டு, பெண்களிடம் இன்னும் அதிகமாக. ரயில் தாமதமாவது பயணியின் குற்றமா? டொராண்டோவில் 1991 முதல் இரவுப் பேருந்துகளில் ஒரு வசதி இருக்கிறது. இரண்டு நிறுத்தங்களுக்கு நடுவில், தனக்கு நடை குறையும் இடத்தில் இறக்கிவிடச் சொல்லிக் கேட்கலாம். பெண்களுக்காகத் தொடங்கியதைப் பிறகு எல்லோருக்கும் ஆக்கினார்கள். பேருந்தும் அதேதான், வழியும் அதேதான், பிரேக்கை ஒரு முறை கூடுதலாக மிதிக்கிறார்கள், அவ்வளவுதான்.

இந்த நட்பு வட்டத்தில் ஓட்டல் நடத்துகிறவர்கள், ரிசப்ஷனில் வேலை பார்ப்பவர்கள் சிலர் இருக்கிறீர்கள். உங்களிடம் ஒரு வேண்டுகோள். சாவியோடு கொடுக்கும் அந்தச் சின்ன அட்டையின் பின்பக்கம் காலியாகத்தானே இருக்கிறது? ஸ்டேஷனின் எந்த வாசல் இரவில் திறந்திருக்கும், எந்தத் தெருவில் நடக்கலாம், எந்தக் கதவில் பெல் அடிக்க வேண்டும், இரவு டியூட்டி போன் நம்பர் என்ன, இந்த நான்கு வரிகளை அதில் அச்சடித்துக் கொடுங்கள்.