கொரியர் வீட்டில் புகைக்குழாய் தொங்குவதில்லை

அந்தக் காணொளியைத் தயவுசெய்து இனி எனக்கு அனுப்பாதீர்கள். பார்த்துவிட்டேன். மேசை நடுவே கரி அடுப்பு, தலைக்கு மேல் புகைக்குழாய், தட்டு நிறைய மாட்டிறைச்சி. "கொரியர்கள் வீட்டில் தினமும் இப்படித்தான் சாப்பிடுகிறார்கள்" என்று உருகும் குரல் வேறு. ஐயா, அது உணவகம்! பின்னால் பணியாளர் தட்டு எடுத்துப் போவதுகூடத் தெரிகிறது.

நான் தென் கொரியாவின் சுவோன் நகரில் குடியிருக்கிறேன். சுற்றிலும் அடுக்குமாடிகள். கூடத்தில் கரி மூட்டினால் விருந்தாளிக்கு முன்பே தீயணைப்பு வண்டி வந்துவிடும். வீட்டில் சுடுவதென்றால் பியூட்டேன் குப்பி செருகிய சின்ன அடுப்பு, இல்லையென்றால் மின்சாரத் தட்டு. அதில் பெரும்பாலும் சம்கியொப்சல், அதாவது பன்றியின் வயிற்றுக்கறி. மசாலாவும் கிடையாது, ஊறவைப்பதும் கிடையாது. சோயா சாற்றில் ஊறவைக்கும் புல்கோகி வாணலியிலேயே வெந்துவிடும். ஹன்வூ என்ற உள்நாட்டு மாட்டிறைச்சியோ பண்டிகைக்குப் பெட்டியில் வைத்துப் பரிசளிக்கிற விலை. தினமுமாம்!

பக்கத்து வீட்டு அம்மா ஒரு குளிர்காலத்தில் என்னை அழைத்திருந்தார். முதல் வேலையாக எல்லோருடைய கோட்டுகளையும் அறைக்குள் போட்டுக் கதவைச் சாத்தினார், கறி வாசம் ஏறக்கூடாதென்று. தரையில் பழைய செய்தித்தாள்களை விரித்தார். சன்னல்களைத் திறந்துவிட்டதில் முதுகு விறைத்தது. கறியைக் கத்தரிக்கோலால் துண்டாக்கி, வழிந்த கொழுப்பிலேயே கிம்ச்சியை, அதாவது புளிக்கவைத்த முட்டைக்கோஸ் ஊறுகாயை, வதக்கினார். கீரை இலையில் கறி, பூண்டுச் சீவல், சம்ஜாங் விழுது வைத்து மடித்து ஒரே வாயாகப் போட வேண்டும். நான் பாதி கடித்ததும் வீடே சிரித்தது. கடைசியில் அதே தட்டில் சோற்றைக் கிளறினார். அவர் உட்கார்ந்து சாப்பிட்டதை மட்டும் நான் பார்க்கவில்லை.

"மொட்டை மாடியில் கரி மூட்டுகிறவர்கள் இல்லையா?" இருக்கிறார்கள். வார இறுதியில் ஊருக்கு வெளியே விடுதி எடுத்துச் சுடுகிறவர்களும் உண்டு. அதனால் உணவகம் வீடாகிவிடுமா? "பொழுதுபோக்குக் காணொளிக்கு ஏன் இத்தனை கோபம்?" என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை.

"நீ கொரியாக்காரியாகவே மாறிவிட்டாய்" என்று எழுதியது என் சொந்தக்காரர். அதற்குச் சிரிப்புப் பொம்மை போட்டவர்களும் நம் வீட்டு ஆட்களே. இருக்கட்டும். உணவகம் என்று சொன்னதற்கு இந்தப் பட்டமா? அதே காணொளியின் கீழே "வேலைவெட்டி இல்லாமல் தினமும் விருந்து" என்று ஒருவர் எழுதியிருக்கிறார், அதற்கு யாருக்கும் வலிக்கவில்லை. இந்த நாட்டுக் குடும்பங்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தனி ஆள் குடும்பங்கள். இரவு தாமதமாக வீடு திரும்புகிறவர் எந்த விருந்தைச் சுடுவார்? கடையில் வாங்கிய சோற்றுப் பெட்டியைச் சூடாக்கித் தின்றுவிட்டுப் படுப்பார்.

கறி விருந்துக்கு உன் வீட்டுக்கு வரலாமா என்று கேட்டவர்களே, தாராளமாக வாருங்கள். சாப்பிட்டு முடித்ததும் தரை முழுக்கத் தெறித்த எண்ணெயைத் துடைக்க ஆளுக்கொரு துணி தருகிறேன். அதையும் படம் பிடித்துப் போடுங்கள்.