ரப்பர் வெறும் கார்பனும் ஹைட்ரஜனும்தானாம்!

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் நடந்ததைப் பற்றி ஆளாளுக்கு எழுதிவிட்டீர்கள். வாத்தியாராகிய நான் ஏன் பாதியில் எழுந்து போனேன் என்று கேட்பவர்களுக்காக இந்தப் பதிவு.

கோலாலம்பூரிலிருந்து வந்த பேச்சாளர், "எல்லாம் அணுக்கள்தான், அணுவை அறிந்தால் அனைத்தையும் அறிந்ததாகிவிடும்" என்றார். அப்படியானால் ரப்பர் ஏன் இழுபடுகிறது என்று கேட்டேன். "தோட்டத்து ஐயாவுக்கு இன்னும் பால்மர ஞாபகம்" என்றார். மண்டபமே சிரித்தது.

ஒரு பொருள் எதனால் ஆனது என்பது வேறு, அது எப்படி நடந்துகொள்கிறது என்பது வேறு. ரப்பரின் அடிப்படைத் துண்டு ஐசோப்பிரீன். தனியாக எடுத்தால் 34 டிகிரியில் கொதித்துவிடும் திரவம். சுங்கை சிப்புட் மத்தியான வெயிலில் திறந்த குப்பியில் நிற்காது. அதில் எங்கே இழுவை? ஆயிரக்கணக்கில் சங்கிலியாகக் கோத்து, சங்கிலிகள் சுருண்டு பின்னிக்கொண்ட பிறகுதான் அந்தக் குணமே பிறக்கிறது. சங்கிலி நீண்டு நிற்க வழிகள் சில, சுருண்டு கிடக்க வழிகள் ஏராளம். ஆகவே விட்டதும் சுருங்குகிறது. ரப்பர் வளையத்தைச் சட்டென்று இழுத்து உதட்டில் வைத்துப் பாருங்கள், வெதுவெதுப்பாக இருக்கும். அம்மா தோட்டத்து ஸ்டோரில் ரப்பர் பால் நிறுக்க நிற்கும்போது நான் செய்த விளையாட்டு அது. மரத்தில் உறைந்து ஒட்டிய ஒட்டுப்பாலை இழுத்துச் சுற்றிப் பந்து செய்தவனுக்கா ரப்பர் பாடம்?

உடனே, "வாத்தியார் ஆவி, பேய் என்கிறார்" என்று கிளம்புவீர்கள். இல்லை ஐயா. எந்த விதியும் மீறப்படவில்லை. இயற்பியலாளர் பிலிப் ஆண்டர்சன் 1972-இல் ‘சயன்ஸ்’ இதழில் எழுதியதும் இதுதான்: எல்லாவற்றையும் அடிப்படை விதிகள் வரை பிரித்துவிடலாம், அங்கிருந்து உலகத்தைத் திரும்பக் கட்டிவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். அவர் நோபல் பரிசு பெற்றவர்; அவரைப் பார்த்துச் சிரிக்க மாட்டீர்கள். சில உலோகங்கள் கடுங்குளிரில் தடையே இல்லாமல் மின்சாரத்தைக் கடத்தும்; அந்த மீக்கடத்தல் 1911-இல் கண்டறியப்பட்டது. அணுவின் நடத்தையைச் சொல்லும் குவாண்டம் சமன்பாடு 1926-இலேயே கைக்கு வந்துவிட்டது. மீக்கடத்தலுக்கு விளக்கம் கிடைத்தது 1957-இல். அணுவை அறிந்தாயிற்றே, அந்த முப்பது வருடம் எதற்கு?

கணினி எல்லாவற்றையும் கணக்கிட்டுவிடும் என்று ஒரு தம்பி எழுதியிருந்தார். கணக்கிடட்டும்.

எங்கள் ரப்பர் தோட்டம் கைமாறியபோது வந்த அதிகாரியும் கணக்குத்தான் காட்டினார். லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், இருந்த எல்லாக் குடும்பத்துக்கும் அடுக்குமாடியில் வீடு, ஒரு தலைகூடக் குறையவில்லை என்றார். உண்மைதான், குறையவில்லை. ஆனால் அடுத்த வருடமே தீமிதி நின்றுபோனது. யார் வீட்டில் சாவு என்பது மூன்றாம் நாள்தான் தெரியவருகிறது. அதே தலைகள்தான், ஒன்று விடாமல், அந்த மண்டபத்தில் உட்கார்ந்து சிரித்தன.